ஒரு பில்லுக்குள் நான்கு பில்கள்

கார் வாங்கிய நாளை நம்மில் யாரும் மறப்பதில்லை. மலை மந்திருக்குக் கொண்டுபோய்ப் பூஜை போட்டு, நான்கு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் நசுக்கி, பக்கத்து வீடுகளுக்கெல்லாம் இனிப்புக் கொடுத்து, ஊரில் இருக்கும் மாமா சித்தப்பாவுக்கெல்லாம் படம் அனுப்பி... அது ஒரு சிறிய கல்யாணம் மாதிரி. ஆனால் அதே காரைப் பத்துப் பதினோரு வருடம் கழித்து ஒர்க் ஷாப்பில் விட்டுவிட்டு, சட்டைப் பையில் எஸ்டிமேட்டை மடித்து வைத்துக்கொண்டு, மெட்ரோவில் நின்றபடியே வீடு திரும்பிய நாளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நான் பேசப் போகிறேன். இந்த அனுபவம் எனக்கு மட்டும் வந்ததல்ல. சங்கத்துக்கு வரும் அன்பர்களிடம் பேச்சுக் கொடுத்தால், ஒவ்வொருவரிடமும் இப்படி ஒரு கதை இருக்கிறது.

எங்களுடையது 2014-ல் வாங்கிய சின்ன பெட்ரோல் கார். இருவரும் அலுவலகத்துக்கு மெட்ரோவில்தான் போகிறோம். கார் முக்கியமாக அம்மாவுக்காக. முழங்கால் வலியால் அவரால் மெட்ரோ படியும் ஏற முடியாது, ஆட்டோவிலும் ஏற முடியாது. ஆஸ்பத்திரி, கோயில், கல்யாணம், எதுவானாலும் அந்தக் கார்தான் அவருக்குக் கால்.

நான்கு கிலோமீட்டர்

2025 ஜூன் மாதம். பெண்ணின் கல்லூரிச் சேர்க்கை விஷயமாகத் துவாரகா போய்விட்டு, மத்தியான வெயிலில் ஆர்.கே. புரம் திரும்பிக்கொண்டிருந்தோம். தௌலா குவான் நெருங்கும்போது வண்டிகள் நகரவில்லை. ஏ.சி. காற்று திடீரென்று சூடாக வந்தது. மனைவிதான் முதலில் பார்த்தாள். "ஏங்க, அந்த முள்ளு மேலே போயிடுச்சே, பாருங்க" என்றாள். வெப்பம் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அந்த இடத்தில் நான் வண்டியை ஓரம் கட்டி இஞ்சினை நிறுத்தியிருக்க வேண்டும். செய்யவில்லை. "இன்னும் நாலு கிலோமீட்டர்தானே, வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்" என்று ஓட்டினேன். வீட்டு வாசலில் இஞ்சின் தானாகவே நின்றது. பானெட்டின் இடுக்குகளிலிருந்து ஆவி வந்தது.

காரணம் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. அதற்கு ஒரு மாதம் முன்பே, கார் நிறுத்தும் இடத்தில் தரையில் பச்சையாக நாலைந்து சொட்டு விழுந்திருந்தது. எங்கள் செக்டர் மார்க்கெட் மெக்கானிக் எட்டிப் பார்த்துவிட்டு, ரேடியேட்டர் ஹோஸ் வெடிப்பு விட்டிருக்கிறது, மாற்ற 1,400 ரூபாய் ஆகும் என்றார். அடுத்த மாதச் சம்பளத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன். நடுவில் நானே குழாய்த் தண்ணீரை ஊற்றி நிரப்பியும் வைத்தேன்.

இதில் இரண்டு தவறு. கூலண்ட் என்பது வெறும் நிறம் கலந்த தண்ணீர் அல்ல. அதிலுள்ள கிளைக்கால் கொதிநிலையை உயர்த்துகிறது. கூடவே சேர்க்கும் மருந்துகள் உள்ளே துருப்பிடிக்காமல் காக்கின்றன. நம் தில்லிக் குழாய்த் தண்ணீர் கெட்டித் தண்ணீர். உப்பு படிந்து வழிகளை அடைக்கும். இரண்டாவது, கூலண்ட் கசிந்து குறைந்த பிறகும் ஓட்டினால், இஞ்சினின் மேல்பாகமான சிலிண்டர் ஹெட் அளவுக்கு மீறிச் சூடாகும். இந்தக் காலத்துக் கார்களில் அது அலுமினியம். சூட்டில் விரிந்து வளைந்துவிடும். ஹெட்டுக்கும் அடிப் பாகத்துக்கும் நடுவே இருக்கும் கேஸ்கெட் எரிந்துபோகும். பிறகு கூலண்ட் எண்ணெயில் கலக்கும், எண்ணெய் பாலாடை மாதிரி வெளுக்கும், சைலன்சரில் வெள்ளைப் புகை வரும். 1,400 ரூபாய் வேலை இப்படித்தான் "இஞ்சன் குல்னா படேகா" என்ற நிலைக்கு வருகிறது. அதாவது, இஞ்சினைப் பிரித்தாக வேண்டும்.

அறுபத்தெட்டாயிரத்து இருநூறு

வண்டியை இழுத்துக்கொண்டு போய் ஒரு பெரிய ஒர்க் ஷாப்பில் விட்டோம். கண்ணாடி அறை, சோபா, காபி எல்லாம் இருந்தன. மறுநாள் மாலை எஸ்டிமேட் வந்தது. மொத்தம் 68,200 ரூபாய். "ஸர்ஜி, இன்றே சரி சொல்லிவிடுங்கள், வேலையைத் தொடங்கிவிடுகிறோம்" என்றார் அங்கிருந்த இளைஞர். மிகவும் மரியாதையாகத்தான் பேசினார்.

வீட்டில் கணக்குப் போட்டோம். ஜூலை முதல் வாரத்தில் பெண்ணுக்கு முதல் வருடக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும். அதை எடுத்து வைத்துவிட்டால் பாங்கில் மீதி 45,000-தான். காரைச் சரி செய்தால் கட்டணத்தில் கை வைக்க வேண்டும். செய்யாவிட்டால் அம்மா வீட்டோடு. "இன்ஷூரன்ஸ் கட்டுறோமே, அது எதுக்கு?" என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் சாதாரணக் கார் இன்ஷூரன்ஸ் விபத்து, தீ, திருட்டு போன்றவற்றுக்கு. தேய்மானமும், தானாக வரும் இயந்திரக் கோளாறும் அதில் சேராது. இஞ்சினுக்கென்று தனியாகப் பணம் கட்டிச் சேர்க்கும் பாதுகாப்பை நாங்கள் எடுத்திருக்கவில்லை.

அம்மா உள்ளே இருந்து, "எனக்காக ஒண்ணும் பண்ண வேண்டாம்டா. வித்துடு. கொழந்தை படிப்புதான் முக்கியம்" என்றார். அன்று இரவு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

சுபேதார் ஐயாவின் சிவப்புப் பேனா

எங்கள் பிளாக்கில் கீழ்வீட்டில் வேலூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். ராணுவத்தில் வண்டிகளைப் பழுது பார்க்கும் இ.எம்.இ. பிரிவில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாங்கள் சுபேதார் ஐயா என்போம். மறுநாள் காலை எஸ்டிமேட்டை அவரிடம் காட்டினேன்.

மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். பிறகு கேட்டார்: "தம்பி, இது ஒரு பில்லுன்னு நினைக்கிறீங்களா? இதுல நாலு பில்லு இருக்கு. பிரிச்சுப் பார்ப்போம், ஒரு பேனா கொடுங்க."

நான் கொடுத்தது பெண்ணின் சிவப்புப் பேனா. அவர் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று எண் போட்டார்.

முதல் பில், உண்மையில் கெட்டுப்போனது. ஹெட் கேஸ்கெட் செட் 6,500. ஹெட்டை லேத்தில் கொடுத்துச் சமன் செய்ய 3,000. ஹெட் போல்ட்டுகள் 1,800. ஹோஸ் 1,400. தெர்மோஸ்டாட் 1,900. புது எண்ணெய், பில்டர், கூலண்ட் 4,700. பிரித்து மாட்டக் கூலி 12,500. ஆக 31,800. "இதுல பேரம் பேசாதீங்க. பழைய போல்ட்டையே திருப்பி மாட்டச் சொல்லாதீங்க. இதைச் சரியாப் பண்ணலேன்னா மறுபடியும் பிரிக்கணும்" என்றார்.

இரண்டாவது பில், இதோடு சேர்த்துச் செய்தால் லாபமானது. வாட்டர் பம்ப் 3,600, வெளிப் பெல்ட் 1,300. ஆக 4,900. பம்புக்குப் பதினோரு வயது. கூலண்ட் எப்படியும் வடிக்கப்படுகிறது, பெல்ட் எப்படியும் கழற்றப்படுகிறது. இப்போது மாற்றினால் பொருளின் விலை மட்டும். ஆறு மாதம் கழித்து மாற்றினால் அதே கூலியை இன்னொரு முறை கொடுக்க வேண்டும். கிளட்ச்சுக்கும் இதே நியாயம்தான். கியர் பாக்ஸை இறக்கினால், கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்து மாற்றுவதே மலிவு. டைமிங் பெல்ட் உள்ள வண்டிகளுக்கும் அப்படியே. அந்தப் பெல்ட்டைக் கையேட்டில் சொன்ன கிலோமீட்டரில் மாற்றாமல் விட்டு அது ஓட்டத்தில் அறுந்தால், பல இஞ்சின்களில் பிஸ்டன் போய் வால்வுகளில் இடித்து எல்லாவற்றையும் வளைத்துவிடும். எங்கள் வண்டியில் செயின் என்பதால் அந்தச் செலவு இல்லை.

மூன்றாவது பில், தள்ளி வைக்கக்கூடியது. கிளட்ச் செட் கூலியோடு 14,600. முன்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டு 7,400. ஆக 22,000. "ஹெட் வேலைக்குக் கியர் பாக்ஸை இறக்க வேண்டியதில்ல. அதனால கிளட்ச்சை இப்பப் பண்றதுல கூலி மிச்சமில்ல. வண்டி ஓட ஆரம்பிச்சதும் நாமே சோதிச்சுக்கலாம்" என்றார். அந்தச் சோதனையை எல்லோரும் தெரிந்துகொள்ளலாம். சமதரையில், முன்னால் யாரும் இல்லாத இடத்தில், ஹாண்ட் பிரேக்கை நன்றாக இழுத்துவிட்டு, மூன்றாவது கியரைப் போட்டு, கிளட்ச்சை மெதுவாக விட வேண்டும். இஞ்சின் உடனே அணைந்தால் கிளட்ச் பிடிக்கிறது. அணையாமல் உறுமிக்கொண்டே இருந்தால் தேய்ந்துவிட்டது. ஷாக் அப்சார்பரில் எண்ணெய்க் கசிவு இருந்தால் கண்ணுக்கே தெரியும். எங்களுடையதில் இல்லை.

நான்காவது பில், தேவையே இல்லாதது. இஞ்செக்டர் கிளீனிங் 2,200, திராட்டில் பாடி கிளீனிங் 1,100, அடிப்பாகத்துக்குத் துருத் தடுப்புப் பூச்சு 3,900, ஏ.சி. கிருமி நீக்கம் 1,400, இஞ்சின் மேல் பாலிஷ் 900. ஆக 9,500. பதினோரு வருடம் ஓடிய வண்டிக்கு, இஞ்சினைப் பிரித்திருக்கும் நேரத்தில், மேலே பாலிஷ்! சுபேதார் ஐயா சிரித்துவிட்டார். "கையேட்டுல இதெல்லாம் எங்கே போட்டிருக்குன்னு காட்டச் சொல்லுங்க" என்றார். காட்டச் சொன்னேன். உடனே அந்த வரிகள் மறைந்துவிட்டன. அந்த இளைஞர் கோபித்துக்கொள்ளவும் இல்லை. கேட்பவருக்கு எடுத்துவிடுவது, கேட்காதவருக்கு விட்டுவிடுவது. அது அங்கே வழக்கம், அவ்வளவுதான்.

முதல் இரண்டு பில்லும் சேர்த்து 36,700 ரூபாய். கட்டணத்தில் கை வைக்காமலே கார் சரியானது.

உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த வருடம் டிசம்பரில் கிளட்ச் போய்விட்டது. ஒர்க் ஷாப் சொன்னதில் அந்த வரி முழுப் பொய்யல்ல. ஆனால் அதற்குள் ஆறு மாதச் சம்பளம் வந்திருந்தது, நான்கு இடத்தில் விலை கேட்க நேரமும் இருந்தது. தனியார் மெக்கானிக் ஒருவரிடம் 11,900-க்கு முடிந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் உதிரி பாகங்களுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவிகிதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருந்ததும் உதவியது.

எங்கே கொடுப்பது?

கம்பெனி ஒர்க் ஷாப்பா, வெளி மெக்கானிக்கா? நம் வீடுகளில் இது பெரிய விவாதம். வாரண்டி இருக்கும் வரை கம்பெனி ஒர்க் ஷாப் என்பது பொதுவான வழக்கம். அதற்குப் பிறகு வேலையைப் பொறுத்தது. கேஸ்கெட், கிளட்ச், பிரேக், சஸ்பென்ஷன் போன்றவற்றை நல்ல வெளி மெக்கானிக் தாராளமாகச் செய்வார். ஏர்பேக், ஏ.பி.எஸ்., ஆட்டோமேடிக் கியர் போன்றவற்றுக்கு அந்தந்தக் கம்பெனியின் சோதனைக் கருவி வேண்டியிருக்கலாம்.

வெளியில் கொடுத்தால் பாகங்கள் கிடைக்காது என்ற பயம் ஒரு காலத்தில் நியாயமாகவே இருந்தது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களும் பழுது பார்க்கும் விவரங்களும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் கட்டுப்படுத்துகிறார்கள் என்பதே குற்றச்சாட்டு. வெளியில் சர்வீஸ் செய்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யும் நிபந்தனை கூடாது என்றும் ஆணையம் சொன்னது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2022 டிசம்பரில் மத்திய அரசின் நுகர்வோர் துறை, பழுது பார்க்கும் உரிமைக்காக ஓர் இணையதளமும் தொடங்கியது. அதில் கார்களும் அடக்கம்.

தில்லியில் காஷ்மீரி கேட் இருக்கும்போது பாகத்துக்கு என்ன பஞ்சம்! ஆனால் அங்கே போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாகங்களில் மூன்று ஜாதி உண்டு. கார் கம்பெனியின் பெட்டியில் வருவது ஒன்று. அதே பாகத்தைக் கம்பெனிக்குச் செய்துகொடுக்கும் தொழிற்சாலை, தன் சொந்தப் பெயரில் விற்பது இரண்டு. இது தரத்தில் நன்றாக இருக்கும், விலையும் குறையும். மூன்றாவது, பெட்டியும் சின்னமும் அப்படியே இருக்கும் போலி. பிரேக்கிலும் ஸ்டீயரிங்கிலும் போலியைப் போட்டால் போவது பணம் மட்டுமல்ல. பாக எண், அதிகபட்ச விலை அச்சிட்ட பெட்டி, கடையின் ஜி.எஸ்.டி. பில், இந்த மூன்றும் இல்லாமல் வாங்காதீர்கள்.

காரின் ஆயுளும் கணக்கில் சேரும்

தில்லி வாசிகளுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 10 வருடம் தாண்டிய டீசல் வண்டிகளும் 15 வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டிகளும் தலைநகர்ப் பகுதியில் ஓடக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட, 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2025-ல் இந்த விஷயம் மீண்டும் நீதிமன்றம் போய், வண்டியின் வயதோடு அதன் புகைத் தரத்தையும் பார்க்கும் நிலை வந்தது. ஆகவே பழைய வண்டிக்குப் பெரிய செலவு செய்யும் முன், உங்கள் வண்டிக்கு அன்றைய விதி என்ன என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வண்டிக்குப் பதினைந்து முடிவது 2029-ல். மீதி நான்கு வருடம் என்றே வைத்துக்கொண்டு 36,700-ஐ நான்கால் வகுத்தேன். வருடத்துக்கு 9,175. அம்மாவை வருடம் முழுவதும் டாக்ஸியில் கூட்டிப்போவதை விட இது குறைவு. ஆகவே செய்தோம். அதே வேலை பதினான்கு வயது வண்டிக்கு வந்திருந்தால், 'விற்றுவிடு' என்ற அம்மாவின் பேச்சைத்தான் கேட்டிருப்பேன். கார் மேல் உள்ள பாசத்தை விட இந்த வகுத்தல் கணக்கு நல்ல வழிகாட்டி.

கையெழுத்துப் போடும் முன்

சுபேதார் ஐயா சொன்னதையும் நான் பட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன். வெட்டி எடுத்துக் காரில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. எஸ்டிமேட்டை எழுத்தில் கேளுங்கள். பாகம், கூலி, வரி மூன்றும் தனித்தனியாக இருக்க வேண்டும்.

2. ஒவ்வொரு வரிக்கும் "இது ஏன்?" என்று கேளுங்கள். கெட்டுப்போன பாகத்தை வண்டியிலேயே காட்டச் சொல்லுங்கள். ஹிந்தி தடுமாறினால் கூச்சப்படாமல் தெரிந்தவரைக் கூட அழைத்துப் போங்கள்.

3. "எஸ்டிமேட்டுக்கு மேல் போனால் என்னைக் கேட்காமல் செய்யக்கூடாது" என்று அந்தத் தாளிலேயே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

4. மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பிக் கேளுங்கள். கேட்பீர்கள் என்று தெரிந்தாலே, மாற்றாததை மாற்றியதாக எழுத மாட்டார்கள்.

5. பெரிய வேலை என்றால் இரண்டாவது இடத்திலும் விலை கேளுங்கள். ஆனால் வண்டியைப் பிரித்த பிறகு நகர்த்துவது கஷ்டம். பிரிக்கும் முன்பே கேளுங்கள்.

6. வேலைக்கு எத்தனை மாத உத்தரவாதம் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். பில் இல்லாமல் மலிவாகச் செய்தால் பிறகு பேச வாயிருக்காது.

7. ஏமாற்றப்பட்டால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பேசுங்கள். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை. வக்கீலும் கட்டாயம் இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, முள் சிவப்பைத் தொட்டால் நின்றுவிடுங்கள். ஏ.சி.யை அணைத்து, ஓரம் கட்டி, இஞ்சினை நிறுத்துங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள்; உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பாயும். இழுத்துப் போகும் வண்டியைக் கூப்பிடுங்கள். அதன் கூலி எவ்வளவானாலும் ஹெட் கேஸ்கெட்டை விட மலிவு.

இப்போது எங்கள் வீட்டில் புதுப் பழக்கம். ஞாயிற்றுக்கிழமை காலை, இஞ்சின் ஆறியிருக்கும்போது, பெண்தான் பானெட்டைத் திறந்து எண்ணெயும் கூலண்டும் பார்க்கிறாள். தரையில் ஏதாவது சொட்டு இருக்கிறதா என்று குனிந்தும் பார்க்கிறாள். அந்தச் சிவப்புப் பேனாவை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. காரின் டாஷ்போர்டில், சர்வீஸ் புத்தகத்தோடு இருக்கிறது. அம்மா போன வாரம் மலை மந்திருக்குக் கிளம்பும்போது கேட்டார்: "பச்சைச் சொட்டு ஒண்ணும் இல்லையேடி?"

"இல்லை பாட்டி, ஏறுங்க" என்றாள் பெண்.